ரெட்டியார்பாளையத்தில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம்

புதுச்சேரியில் பிறந்தவனுக்கு பிரெஞ்சு தெரிந்திருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் அதை மறுப்பதில்லை. சேலத்திலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கடற்கரைப் பக்கத்துத் தெருப் பலகையைக் காட்டி, "இத எப்படிப் படிக்கணும்?" என்று கேட்டால், பாதி மூக்கிலும் பாதி தொண்டையிலுமாக ஒரு சத்தம் எழுப்பிவிட்டு நடையைக் கட்டுவோம். அவர்களும் அசந்துபோய்ப் பின்னால் வருவார்கள்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு இவ்வளவுதான்: தெருவுக்கு ரூ, பத்திரம் எழுதிப் பதிகிறவருக்கு நொத்தேர், நகராட்சிக்கு மேரி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவருக்கு சொல்தா. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம்கூட அமைக்க முடியாது. (முயன்று பார்த்திருக்கிறேன்.)

இந்த மூலதனத்தை நம்பித்தான் ஒரு பிரெஞ்சு மாணவியை ஒரு மாதம் எங்கள் வீட்டில் தங்கவைக்க ஒப்புக்கொண்டேன்.

காரணம் என் மகள் யாழினி. அப்போது அவள் பிளஸ் ஒன். பள்ளியில் இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுத்திருந்தாள். (மார்க்கை அள்ளலாம் என்று எல்லாரும் எடுப்பதுதான்.) ஊரில் ஒரு சங்கம், பிரெஞ்சு பேசும் நாடுகளிலிருந்து மாணவர்களை இங்கே வரவழைத்து வீடுகளில் தங்கவைக்கும், அப்படித் தங்கவைத்த வீட்டுப் பிள்ளையை அடுத்த வருஷம் அங்கே அனுப்பும். யாழினிக்கு அந்த ஆசை வந்துவிட்டது. என்னைச் சங்கத்து ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்தவர் சாதாரணமாகத்தான் கேட்டார், "வீட்ல பிரெஞ்சு யாருக்காவது வருமா சார்?"

"எல்லாருக்கும் வரும் சார். வீட்ல அதான் பேசுவோம்" என்றேன்.

யாழினி என் காலை மிதித்தாள். அதற்குள் அவர் அதைக் குறித்துக்கொண்டுவிட்டார்.

அடுத்த வாரம் சங்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பெண் குரல் பிரெஞ்சில் மடமடவென்று பேசி அனுப்பியிருந்தது. யாழினி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். "வர்றவ பேரு எம்மா. எம்மா ஹமாசமீ மாதிரி கேக்குது. பதினேழு வயசு. லா ரெயூனியோன்லேர்ந்து வர்றாளாம். சனிக்கிழம காலைல சங்கத்து ஆளு ஒருத்தர் கூட வந்து விட்டுட்டு, வீட்டையும் பாத்துட்டுப் போவாராம்."

"ரெயூனியோன்னா?"

"ரியூனியன்பா. சரியாத் தெரியல."

ஏதோ பழைய மாணவர் கூட்டத்துக்குப் போய்விட்டு அங்கிருந்து நேராக வருகிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். 'ஹமாசமீ' மட்டும் கஷ்டமாக இருந்தது. அந்த 'ஹ'வைத் தொண்டைக்குள்ளிருந்து உருட்ட வேண்டும் என்று யாழினி சொன்னாள். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது பழகினேன். என் மனைவி கலா மாத்திரை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

சனிக்கிழமை யாழினிக்குப் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ். மதியம்தான் வருவாள். அதுவரை சமாளிக்க என்ன வழி என்று எதிர்வீட்டு சொல்தா அண்ணனிடம் போனேன்.

"அட, இதுக்குப் போயி ஏன் பயப்புடுற? நாலு வார்த்த போதும். கொரலு தான் முக்கியம்" என்றார் அவர். உள்ளே வரச்சொல்ல, அன் அவான், மார்ஷ். உட்கார்ந்து இளைப்பாறச் சொல்ல, ரெப்போ. மற்ற எல்லாவற்றுக்கும், வீ. வீ என்றால் ஆமாம். "எது கேட்டாலும் வீ சொல்லு. எந்த வெள்ளக்காரனும் கோச்சுக்க மாட்டான்." தெருவில் என்னை நிற்கவைத்துச் சத்தமாகச் சொல்லிக்காட்டச் சொன்னார். நான் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. என் உச்சரிப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை கார் வந்து நின்றது. கையில் சாமந்தி மாலையோடு வாசலில் நின்றேன். காரிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள்.

முதலில் இறங்கியவள் வெள்ளைக்காரி. வெயிலில் சிவந்த முகம், பருத்திச் சுடிதார், கையில் தண்ணீர் பாட்டில் மட்டும். பின்னால் இறங்கியவள் நம்மூர்ப் பெண். எங்கள் கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் பார்க்கிற மாதிரி முகம், சுருட்டை முடி, கறுப்பு டீ-சர்ட். டிக்கியிலிருந்து ஒரு பெரிய பெட்டியை இறக்கி இழுத்துக்கொண்டு வந்தாள்.

யார் மாணவி, யார் கூட வந்தவள் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மாலையை வெள்ளைக்காரியின் கழுத்தில் போட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி, "அன் அவான்! மார்ஷ்!" என்றேன்.

அவள் ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, கைகளை வீசி விறுவிறுவென்று உள்ளே நடந்தாள். நல்ல கட்டுப்பாடான நாடு என்று மெச்சிக்கொண்டேன்.

பெட்டியோடு வந்த பெண் என்னைப் பார்த்து, "போன்ழூர், மிசே" என்றாள்.

"நல்லாத்தான் பேசுற. அத அவங்ககிட்டப் பேசும்மா, எங்கிட்ட எதுக்கு?" என்றேன். அவள் சிரித்துவிட்டுத் தலையாட்டினாள். களைத்துப்போன சிரிப்பு. பெட்டி ரொம்பக் கனம் போலிருக்கிறது.

யாழினியின் அறையில் புது விரிப்பு போட்டு, ஏசியை ஓடவிட்டு வைத்திருந்தோம். வெள்ளைக்காரியை அங்கே அழைத்துப்போய்க் கட்டிலைக் காட்டி, "ரெப்போ!" என்றேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னிடம் நீளமாக ஏதோ கேட்டாள். "வீ" என்றேன். கண்களை அகல விரித்து இன்னொன்று கேட்டாள். "வீ." மூன்றாவது கேள்வியைக் கேட்டபோது அவள் முகத்தில் பரிதாபம் தெரிந்தது. கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "வீ, வீ" என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பிரெஞ்சு இவ்வளவு சுலபமான மொழி என்று தெரியாமல் இத்தனை காலத்தை வீணாக்கிவிட்டேனே என்று இருந்தது.

ஆனால் ஹாலுக்கு வந்ததும் குழப்பம் ஆரம்பித்தது. "எம்மா, ஏதாவது குடிக்கிறீங்களா?" என்று அறைப் பக்கம் பார்த்துக் கேட்டேன். (இதை மட்டும் தமிழில்தான் கேட்க முடிந்தது.) அறையிலிருந்து சத்தம் இல்லை. சோபாவில் இருந்த கூட வந்த பெண் சடக்கென்று எழுந்து நின்றாள்.

"நீ உக்காரும்மா. நான் எம்மாவ கேக்குறேன்."

உட்கார்ந்தவள் மறுபடி எழுந்தாள். நான் உட்காரச் சொன்னேன். எழுந்தாள். இப்படி எழுந்து எழுந்து உட்காரும் ஒரு பெண்ணை எந்தச் சங்கம் வேலைக்கு வைத்திருக்கிறது?

சமையலறையிலிருந்து கலா கூப்பிட்டாள். "எம்மா, செத்த இங்க வாயேன்!"

எங்கள் பக்கம் முன்பின் தெரியாத பெண்ணை எல்லாரும் இப்படித்தான் கூப்பிடுவோம். அந்தப் பெண் முகம் மலர்ந்து உள்ளே ஓடினாள்.

நான் எட்டிப் பார்த்தபோது கலா அவள் முன்னால் ஒரு முறம் வெங்காயத்தை வைத்திருந்தாள். "சும்மா தானே குந்தினு இருக்குற, இத உரிச்சுக் குடு கண்ணு. எனக்கு ஒரே ஆளா ஆவல. நீ எந்தப் பக்கம், வில்லியனூரா? மூஞ்சப் பாத்தா அங்க எங்க பெரியம்மா ஊட்டு ஜாடையா இருக்குது." அந்தப் பெண் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டி, சிரித்து, வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். அருவாமனையைக் கலா கால் வைத்து நிமிர்த்தியபோது மட்டும் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பிறகு கத்தி கொடுத்ததும் சமாதானமானாள்.

கலா என் பக்கம் வந்து, "ரொம்ப நல்ல பொண்ணு. ஆனா வாயே தொறக்கல. பேச்சு வராதோ?" என்றாள்.

"இங்கிலீஷ், தமிழெல்லாம் பேசக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்க."

"அழுவுது பாருங்களேன்."

பார்த்தேன். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வெங்காயமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனால் எனக்கு அப்போது அறையில் இருக்கிற விருந்தாளிதான் கவலை. மதியம்வரை அவளை ஏமாற்றியாக வேண்டும்.

சாப்பாட்டு நேரம். வெள்ளைக்காரியை மேஜையில் உட்காரவைத்தோம். அவளுக்கென்று தனியாக உப்பு மட்டும் போட்ட உருளைக்கிழங்கும், ரொட்டியும், ஒரு வாழைப்பழமும். எங்களுக்கு வஞ்சிர மீன் குழம்பு. கூட வந்த பெண் அப்புறம் கலாவோடு அடுப்படியில் சாப்பிடட்டும் என்று முடிவு.

வெள்ளைக்காரி உருளைக்கிழங்கைப் பார்த்தாள். குழம்புச் சட்டியைப் பார்த்தாள். மறுபடி உருளைக்கிழங்கைப் பார்த்தாள்.

"அந்தச் சட்டிய உள்ள கொண்டு போ" என்று கலாவிடம் சொன்னேன். முகத்தில் சிரிப்பை மாறாமல் வைத்துக்கொண்டு, விருந்தாளியைப் பார்த்தபடியேதான் சொன்னேன். அவளைப் புகழ்கிற மாதிரி தெரிய வேண்டும் அல்லவா? "ஏற்கெனவே பீட்ரூட் மாதிரி செவந்து கெடக்கறா. இத ஒரு வாய் சாப்டா நேரா ஆஸ்பத்திரிதான்."

கலாவும் சிரித்த முகமாக, "பதினேழு வயசுன்னு சொன்னீங்களே? பாத்தா அப்படித் தெரியலையே" என்றாள்.

"அங்கல்லாம் அப்படித்தான். பாலும் வெண்ணெயுமா சாப்புட்டு சீக்கிரம் முத்திடுவாங்க. பாரேன், எங்க கம்பெனி எச்.ஆர். மேடம் வயசு இருக்கும் போல. அத விடு. யாழினி வர்ற வரைக்கும் ஓட்டிட்டாப் போதும். நமக்கு பிரெஞ்சு தெரியாதுன்னு இவ போய்ச் சொன்னா, யாழினி போறது அவ்ளோதான். நீ சிரிச்சுக்கினே இரு."

நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். வெள்ளைக்காரியும் சிரித்தாள். பிறகு தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள்.

"அண்ணே, அந்தக் கொழம்ப எடுத்துனு போவாதீங்க. எனக்கு ரெண்டு துண்டு வைங்க. வால் பக்கமா இருந்தா நல்லா இருக்கும்."

சுத்தமான பிள்ளைச்சாவடித் தமிழ். மீன் ஏலம் விடுகிற இடத்தில் கேட்கிற தமிழ். கலா கரண்டியைக் கீழே போட்டாள். நான் யார் பேசியது என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"நான் தான்" என்றாள் அவள். "எம்மா எங்க? அவள சாப்புடக் கூப்புடலயா?"

"எம்மா... நீங்கதானே எம்மா?"

"நான் சில்விண்ணே. சங்கத்து ஆளு. பிள்ளச்சாவடில தான் குடியிருக்கறேன், ரொம்ப வருஷமா."

தன் பெயர் காதில் விழுந்ததும் சமையலறை வாசலில் அந்தப் பெண் வந்து நின்றாள். கண் சிவந்து, கையில் கத்தி, நெற்றியில் ஒரு வெங்காயச் சருகு. பதினேழு வயது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ விமானம் ஏறி எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் யாழினி வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்தவள் மாலையோடு உட்கார்ந்திருந்தவரையும் கத்தியோடு நின்றவளையும் பார்த்தாள். சில்விதான் இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றி விளக்கினார். (அதுவரை மனதுக்குள் 'இவ' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அந்த நிமிஷத்திலிருந்து 'இவர்' ஆக்கிக்கொண்டேன்.) ரெயூனியோன் என்பது கூட்டமல்ல, ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களின் ஒரு தீவு. கரும்புத் தோட்டத்து வேலைக்கு இங்கிருந்தே ஜனங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எம்மா அந்த ஜனங்கள் வழியில் வந்தவள். தமிழ் எப்போதோ மறந்துபோன குடும்பம். பெயர் மட்டும் மிச்சம்.

"ஹமாசமீ" என்றாள் எம்மா, தன் நெஞ்சைத் தொட்டு.

"ராமசாமிப்பா! ராமசாமி!" என்று யாழினி கத்தினாள்.

ஒரு வாரமாகத் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டு நான் பழகியது என் சொந்தத் தாய்மாமன் பெயர்.

"நீங்க சொல்தான்னு நெனச்சேண்ணே" என்றார் சில்வி. "வாசல்ல நின்னு 'முன்னே நட'ன்னு பட்டாளத்து ஆர்டர் போட்டீங்க. ரூம்ல போயி 'நிலை தளர்ந்து நில்'லுன்னீங்க. பிரெஞ்சு மட்டும் பேசு, அவங்களுக்கு அதான் புடிக்கும்னு ஆபீஸ்ல வேற சொல்லி அனுப்பிச்சாங்க. சண்டைக்கெல்லாம் போயிருக்கீங்களான்னு கேட்டேன், ஆமான்னீங்க. காயம் பட்டுதான்னு கேட்டேன், ஆமான்னீங்க. கூட இருந்தவங்க செத்துட்டாங்களான்னா, 'ஆமா, ஆமா'ன்னு சோகமா சொன்னீங்க. எனக்கு மனசே கஷ்டமாப் போச்சு."

"அப்ப எப்பதான் புரிஞ்சுது?"

"உருளக்கெழங்கு வந்தப்ப. சொல்லலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள பீட்ரூட்டுன்னீங்க. சரி, முழுசா கேட்டுட்டே சொல்லுவோம்னு விட்டுட்டேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கலா எம்மாவின் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தாள். குழாயடிக்கு அழைத்துப்போய் அந்தக் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டாள். "ஊட்டுக்கு வந்த புள்ளய வெங்காயம் உரிக்க வெச்சுட்டேனே. என்னா நெனச்சிருக்கும்! அதான் அழுதிருக்குது. எனக்குப் புரியலயே" என்று சொல்லிச் சொல்லி, தானும் அழுதாள்.

சில்வியின் முகத்திலும் இப்போது சிரிப்பு இல்லை. "எம்மாவ நான் ஒரு வார்த்த கேக்கணும்ணே. உழவர்கரைல இன்னொரு குடும்பம் ரெடியா இருக்குது. அவ போறேன்னா இட்டுனு போய்டுவேன். தப்பா நெனைக்காதீங்க."

யாழினி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

சில்வி கேட்டார். எம்மா பதில் சொல்ல ஆரம்பித்தாள். காலையிலிருந்து பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவள்போல நிறுத்தாமல் பேசினாள். நடுவில் தலையை உலுக்கினாள். சமையலறையைக் கை காட்டினாள். எனக்கு எதுவும் புரியவில்லை. போகிறேன் என்கிறாளா, இருக்கிறேன் என்கிறாளா, போலீசில் சொல்லப்போகிறேன் என்கிறாளா? யாழினி அவள் வாயையே பார்த்து, பிய்த்துப் பிய்த்து மொழிபெயர்த்தாள்.

"ஏர்போர்ட்டுல எறங்குனதுலேர்ந்து எல்லாரும் அவகிட்ட தமிழ்லயே பேசுனாங்களாம். தெரியாதுன்னு கைய விரிச்சா மொறச்சாங்களாம். ஒருத்தரு திட்டிட்டே போனாராம். இங்க வந்தா நீங்களும் மூஞ்சக் குடுத்துப் பேசலயாம். திரும்பிப் போய்டலாமான்னு இருந்துச்சாம். அப்புறம்..." யாழினி நிறுத்தி, எம்மாவிடம் ஏதோ திருப்பிக் கேட்டாள். "அப்புறம் இந்த அம்மா பேர் சொல்லிக் கூப்டாங்களாம். பக்கத்துல உக்கார வெச்சாங்களாம். ஒண்ணுத்துக்கும் பதில் சொல்லலன்னாலும் கோச்சுக்காம பேசிக்கிட்டே இருந்தாங்களாம். வெங்காயம்னா வெங்காயந்தான், அழல, இங்கியே இருக்கறேங்கறா."

பிறகு கலாவின் பக்கம் திரும்பி, "உனக்கு எப்படிம்மா அவ பேரு தெரிஞ்சுது? நாங்கூட உங்கிட்ட சொல்லலயே, அப்பாகிட்ட தானே சொன்னேன்?" என்றாள்.

"எனக்கு எங்கடி தெரியும்?" என்றாள் கலா.

முதலில் சிரித்தது சில்விதான். விளங்கவைத்ததும் எம்மா சிரித்தாள். கலா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள்.

எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். மீன் துண்டுகள் விருந்தாளிகளுக்கே சரியாகப் போய்விட்டன. உப்புப் போட்ட உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் நான் சாப்பிட்டேன். யாரும் சொல்லவில்லை, தட்டு தானாக என் பக்கம் நகர்ந்து வந்தது.

போகும்போது சில்வி வாசலில் நின்று சொன்னார், "பிரெஞ்சு பேசுற குடும்பம்னு ஆபீஸ்ல போட்டு வெச்சிருக்காங்கண்ணே. அத நான் மாத்தித்தான் சொல்லணும்."

"அப்ப யாழினி போறது..." என்று ஆரம்பித்தேன்.

"ஒரு வார்த்த பிரெஞ்சு தெரியாத குடும்பம்னு சொல்லப் போறேன். தமிழ் கத்துக்கணும்னு தான் அவ வந்திருக்கறா. இதவிட நல்ல ஊடு ஏது?"

எம்மா அந்த ஒரு மாதமும் கலாவின் பின்னாலேயே சுற்றினாள். அவள் கற்ற தமிழ் முழுக்கக் கலாவின் தமிழ். பால்காரரிடம் தண்ணீர் கலந்ததாகச் சண்டை போடத் தெரியும். மணி என்ன என்று கேட்கத் தெரியாது. அடுத்த வருஷம் யாழினி அந்தத் தீவுக்குப் போனாள். விமான நிலையத்துக்கு எம்மாவின் குடும்பமே வந்திருந்ததாம். யாழினியைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்துவிட்டு, அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "மிசே என்னாங்க சௌக்கியமா?"

யாழினிக்குக் கொஞ்ச நேரம் யார் என்று பிடிபடவில்லையாம். மிசே என்றால் ஐயா. 'என்னாங்க' என்பது கலா என்னைக் கூப்பிடுவது. அதுதான் என் பெயர் என்று எம்மா நினைத்துக்கொண்டு, ஊருக்குப் போய் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். யாழினி அங்கேயே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. (வேண்டுமென்றேதான்.)

இப்போதும் பொங்கலுக்கும் புது வருஷத்துக்கும் அங்கிருந்து வீடியோ கால் வரும். எம்மாவின் அப்பா லாரி ஓட்டுகிறவர். ஆறடி உயரம், நெஞ்சுவரை தாடி. திரை முழுக்க முகத்தைக் கொண்டுவந்து, அத்தனை வாஞ்சையோடு, "என்னாங்க..." என்று இழுத்துக் கூப்பிடுவார். முதல் தடவை பதறிப்போய் போனை அணைத்துவிட்டேன். இப்போது பழகிவிட்டது. "சொல்லுங்க" என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு போய் உட்காருகிறேன்.

கலாதான் பாவம். அவள் அப்படிக் கூப்பிட்டால் யாழினி விழுந்து விழுந்து சிரிக்கிறாள் என்பதால் நிறுத்திவிட்டாள். வேறு ஒரு வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறாள். கிடைக்கிறவரை, சாப்பாடு ஆனதும் கரண்டியால் தட்டைத் தட்டுகிறாள், நான் போகிறேன்.